இரண்டு பிடி

புயல் சாய்த்த பலா கிணற்றடியில்
ஏழு மாதமாய்க் கிடக்கிறது.
அஞ்சாப்புலி வந்து ஒரு சுற்று சுற்றினார்,
தோளிலிருந்து கோடாலியை இறக்கவே இல்லை.
"நாளுக்கு ஆயிரத்து எரநூறு, மத்தியானம் சோறு.
காம்பு ஒடஞ்சா அதுவும் ஒங்க கணக்கு."

சிலிண்டர் எங்களுக்குக் காலை டீக்கு மட்டும்.
சோறு, குழம்பு, வெந்நீர் எல்லாம் விறகில்.
சமைப்பது இவர்.
எனக்கு முதுநகரில் இறால் உரிக்கும் கம்பெனி,
ஐந்தே முக்காலுக்கு வேன்.

லீவு போட்ட ஒரு வியாழக்கிழமை
இம்பீரியல் ரோட்டில் பம்புசெட் விற்கும் கடைக்கு
விறகு பிளக்கும் மெஷின் பார்க்கப் போனோம்.

முதலாவது, படுக்கவைத்த பம்பரம் மாதிரி
சுழலும் ஓர் இரும்புக் கூம்பு.
கட்டையைக் காட்டினால் போதுமாம்,
தானே துளைத்து உள்ளே போகுமாம்.
"முந்தானையக் காட்டினாலும் போவும்" என்றேன்.
கடைக்காரர் சிவஞானம் சிரித்தபடி
அடுத்ததற்கு நகர்ந்தார்.

எட்டு டன் ஹைட்ராலிக். சிங்கிள் ஃபேஸ் போதும்.
(ஏழு மணிக்கு மேல் எங்கள் தெருவில்
டியூப்லைட்டே கண்ணடிக்கும். நான் சொல்லவில்லை.)
"சவுக்கு, முந்திரி, வேம்பு, எது வெச்சாலும் போவும்.
தென்னைய மட்டும் வெக்காதீங்க, நாரு பிரியாது."
பலா என்றதும் மோவாயைத் தடவினார்.
"பச்சையிலயே பொளந்திருக்கணும்."

அதற்கு இரண்டு பிடி.
வலதில் ஒன்று, இடதில் ஒன்று.
இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் தண்டு நகரும்.
ஒன்றை விட்டாலும் நின்றுவிடும்.
"ரெண்டு கையும் பிடியில இருந்தா
நடுவுல மாட்டறதுக்குக் கை ஏது?"
சொல்லி முடித்த பிறகுதான்
இவருடைய இடது சட்டைக்கை
மடித்து ஊக்கு குத்தியிருப்பதைப் பார்த்தார்.

மின்விசிறி சுற்றியது.
பிறகு, உதவி செய்கிற குரலில்,
"ஒரு பிடியைக் கம்பி போட்டுக் கட்டிக்கலாம் சார்.
நெறைய பேரு அப்படித்தான் ஓட்டுறாங்க."

சிப்காட்டில் அந்தப் பிரஸ்ஸுக்கும்
இரண்டு பொத்தான் இருந்தது.
ஒன்றின் இடுக்கில் யாரோ
சோடா மூடியைச் செருகி வைத்திருந்தார்கள்,
ஷிப்டுக்கு நாற்பது உருப்படி கூடும் என்று.
இவர் அதையெல்லாம் அங்கே பேசவில்லை.
"வேணாங்க" என்றார்.

நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன்.
ஒரு பிடிக்கு இவர் வலது கை,
மறு பிடிக்கு என் இடது கை.
மீந்த கையை இடுப்பில் செருகிக்கொண்டால்
ஞாயிறு தோறும் ஒரு வாரத்து விறகு.
சொல்லியும் பார்த்தேன்.
என்னைப் பார்க்காமலே கேட்டார்:
"மத்த ஆறு நாளும் நான் என்ன செய்யறது?"

மூலையில், பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால்,
நாலு கால் மேல் ஓர் இரும்பு வளையம்.
உள்ளே, கூர் மேல்நோக்கிய ஆப்பு.
மோட்டார் இல்லை, வயர் இல்லை.
கட்டையை வளையத்துக்குள் நிறுத்தி
தலையில் சம்மட்டியால் போட வேண்டியதுதான்.
"யாரும் கேக்கறதில்ல" என்றார் சிவஞானம்.
அதை விற்க அவருக்கு ஆசையும் இல்லை.

இவர் தூசி தட்டினார்.
இல்லாத கையை விசாரிக்காத ஒரு சாமான்.
நாலு கிலோ சம்மட்டியைத் தூக்கிப் பார்த்து
வைத்துவிட்டு
இரண்டு கிலோவை எடுத்துக்கொண்டார்.
பஸ்ஸில் கண்டக்டர் அதற்கும் லக்கேஜ் போட்டார்.

இப்போது வேனை விட்டு இறங்கும்போதே
ரோட்டு வரைக்கும் ணங் ணங் என்று கேட்கிறது.
பலாக்கிளை முழுதும் சுவரோரம் ஏறிவிட்டது,
மஞ்சளாய், ஒரே மட்டமாய் இல்லாமல்.
அடிக்கணு ஒன்று மட்டும்
பாதி இறங்கி ஆப்பைக் கவ்விக்கொண்டு
மூன்று நாளாய் நிற்கிறது.

"அந்த எட்டு டன்னா இருந்தா" என்று
ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.
"கெடக்கட்டும். முழுசா அடுப்புல வெச்சா
விடிய விடிய எரியும்."
அதற்கு முதலில் அதைக் கழற்ற வேண்டுமே.
நான் பிடித்து அசைக்க, இவர் பக்கவாட்டில் தட்ட,
மாற்றி மாற்றி, இருட்டும் வரை.
ஒவ்வொரு அடிக்கும் முன்னால்
சம்மட்டியைத் தூக்கிப் பிடித்தபடி
"கைய எடு" என்றார்.
நான் எடுத்த பிறகும்
இன்னொரு தடவை.